ப்ளீஸ் என்றால் பேசக்கூடாது

கேட்டீங்களா அக்கா? மாடு ஏன் ரோட்டு நடுவில் படுத்திருக்கிறது, அதற்கு வீடு கிடையாதா என்று கேட்கிறாள். இவளுக்குத்தான் பேச்சு வரவில்லையாம். பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள்.

மெதுவா தன்வி. அக்கா காதுகிட்ட கத்தாதே.

தொந்தரவாக இருந்தால் சொல்லிவிடுங்கள் அக்கா, மடியில் தூக்கி வைத்துக்கொள்கிறேன். இல்லையா? சரி. பஸ்ஸில் ஏறிவிட்டால் இவள் இப்படித்தான். நானும் இப்படித்தான், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஊரில் என்னை ஊமைக்கோட்டான் என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணத்தன்று என் நாத்தனார், "பொண்ணுக்குப் பேச்சு வருமா வராதா? ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க, கேட்டுக்கிடுவோம்" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். நான் தலையை இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டேன், அவ்வளவுதான். வீட்டுக்கு யாராவது வந்தால் தண்ணீரைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் ஓடிவிடுகிற ஆள் நான். ஆனால் பஸ்ஸில் பக்கத்தில் ஒரு பொம்பளை வந்து உட்கார்ந்தால் மட்டும் பேச்சு எங்கிருந்தோ வந்துவிடுகிறது. நீங்கள் உங்கள் ஸ்டாப்பில் இறங்கிப் போய்விடுவீர்கள். நான் யாரோ, நீங்கள் யாரோ. அப்புறம் என்ன வெட்கம்?

கழுத்தில் அட்டை மாட்டியிருக்கிறீர்கள். ஆபீசா? அப்படியானால் இங்கிலீஷ் தெரியும். எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியும். ஏழாவது வரைக்கும் போனேன், அப்புறம் நிறுத்திவிட்டார்கள். சாத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். கடைப் பலகை எல்லாம் வாசித்துவிடுவேன், அர்த்தம்தான் தெரியாது. ஒரே ஒரு வார்த்தைக்கு மட்டும் நல்லாத் தெரியும். ப்ளீஸ். அந்த வார்த்தையால்தான் இந்த அலைச்சலே.

பேச்சு டாக்டரிடம் போய்க்கொண்டிருக்கிறோம். இன்றைக்குத்தான் கடைசி. இன்றைக்கு அந்த மேடம் முடிவாகச் சொல்லிவிடுவார். இவளுக்குப் பேச்சில் குறை இருக்கிறது என்று அவர் சொல்லிவிட்டால் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்கு எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வேறு பள்ளி பாருங்கள் என்று இப்போதே சொல்லியாகிவிட்டது. வாய் பேச வராத பிள்ளைகளுக்கென்று எங்கேயோ இருக்கிறதாம், அங்கே சேர்த்தால் நல்லது என்று பிரின்சிபல் மேடம் சொன்னார். நல்லதாகத்தான் இருக்கும். பேச வராத பிள்ளைக்கு நல்லதாக இருக்கும். இவள் அங்கே போய் என்ன செய்வாள்?

அது எருமை இல்லை தன்வி, அதுவும் மாடுதான். கறுப்பு மாடு.

முதலில் இருந்து சொல்கிறேன். இவள் அப்பா பேர் பொன்ராஜ். கஸ்டமர் கேரில் இருக்கிறார். மிக்ஸி, பிரிட்ஜ், வாஷிங் மிஷின் ரிப்பேர் ஆனால் போன் பண்ணுவோமே, அந்த வேலை. கம்பெனி பேரை வெளியில் சொல்லக்கூடாது என்று சொல்லியிருக்கிறார், சொல்லவில்லை. தங்கமான மனுசன் அக்கா. குடி கிடையாது. ஒரு நாள் என்னைக் கை நீட்டினதில்லை. ஒரு கெட்ட வார்த்தை, மருந்துக்குக்கூட ஒரு கெட்ட வார்த்தை அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. எங்கள் ஊர் ஆம்பளைகள் பேசுகிற பேச்சைக் கேட்டிருந்தால் உங்களுக்குத் தெரியும் நான் ஏன் இதைச் சொல்கிறேன் என்று.

முன்னால் ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தார். அப்புறம் ஆபீசையே எடுத்துவிட்டார்கள், எல்லாரும் வீட்டில் இருந்தே வேலை பாருங்கள் என்று கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். நினைத்துப் பாருங்கள், புருஷன் நாள் பூராவும் வீட்டில். பேச்சுத் துணைக்கு ஆச்சு என்று நினைத்தேன்.

எங்கள் வீடு ஒரு ஹால், ஒரு அடுப்படி. ஹாலில் அவர். அடுப்படியில் நாங்கள் இரண்டு பேரும். அந்தப் பக்கம் போன் பண்ணுகிறவர்களுக்கு இந்தப் பக்கம் சத்தம் கேட்கக்கூடாது. கேட்டால் மார்க் குறைப்பார்களாம், பள்ளிக்கூடத்தில் குறைக்கிற மாதிரி. யாரோ ஒருத்தர் கூடவே ஒட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாராம், அதற்கும் ஒரு சம்பளம்.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருந்தது. "ஏ காளி, சத்தத்தக் குறை" என்பார். என் பேர் காளீஸ்வரி. "குழம்பு கொதிக்குது, அதுகிட்ட போய்ச் சொல்லுங்க" என்பேன். இவரிடம் மட்டும் எனக்கு அப்படி வாய் வரும். அவர் மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு சிரிப்பார். ஒருநாள், "உன் வாயும் சேர்ந்துல்ல கொதிக்குது" என்றார். அதை நினைத்து நினைத்து நான் பாத்திரம் கழுவும்போது சிரித்துக்கொண்டிருந்தேன். அப்படி இருந்தது.

அப்புறம் ஒரு கஸ்டமர் அம்மா மேலிடத்தில் புகார் சொல்லிவிட்டார்கள். உங்கள் ஆள் பேசும்போது பின்னால் சந்தைக்கடை மாதிரி இரைச்சல், யாரோ ஒரு பொம்பளை எதிர்த்துப் பேசுகிறாள் என்று. அந்தப் பொம்பளை நான்தான். அன்றையிலிருந்து அவர் "ஏ காளி" என்று சொல்வதை விட்டுவிட்டார். நான் வாயைத் திறந்தால் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை இப்படி, டிராபிக் போலீஸ்காரர் மாதிரித் தூக்கி, "ப்ளீஸ்" என்பார்.

அவ்வளவுதான். ஒரே வார்த்தை. மரியாதையான வார்த்தை. "பேசாம கிட" என்றால் நானும் எதையாவது பதிலுக்குச் சொல்லலாம். சண்டை போடலாம். ப்ளீஸ் என்றால் என்ன சொல்வது? அதற்குமேல் பேச்சு கிடையாது.

இங்கிலீஷ் தெரியாதவள், எப்படி அர்த்தம் தெரியும் என்று பார்க்கிறீர்கள் இல்லையா? டிவியில் பார்த்திருக்கிறேனே. சீரியலில் மாமியாரும் மருமகளும் சண்டை போடுவார்கள், கடைசியில் ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டு, "ப்ளீஸ்! போதும், நிறுத்துங்க!" என்பாள். டக்கென்று எல்லாரும் அமைதியாகிவிடுவார்கள். புருஷன்காரன், "ப்ளீஸ், இனிமே இதைப் பத்திப் பேசாதே" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவான். எந்தச் சேனலில் வேண்டுமானாலும் பாருங்கள், ப்ளீஸ் என்று சொன்னால் அடுத்த ஆள் வாயை மூடிக்கொள்கிறதுதான். பேச்சு டாக்டர் ஆஸ்பத்திரி ஹாலில்கூட ஒரு படம் மாட்டியிருக்கிறார்கள். ஒரு சின்னப்பிள்ளை உதட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டு நிற்கிறது. கீழே இங்கிலீஷில் எழுதியிருக்கிறது. முதல் வார்த்தை எனக்குக் கூட்ட வரவில்லை. இரண்டாவது வார்த்தையைக் கூட்டிப் பார்த்தேன். பி, எல், இ, ஏ, எஸ், இ. ப்ளீஸ். பேச வராத பிள்ளைகளைக் கூட்டிவருகிற இடத்தில் போய் இப்படி எழுதி வைப்பார்களா என்று நினைத்துக்கொண்டேன். யாரிடம் கேட்க?

இவளுக்கு அப்போதுதான் பேச்சு வர ஆரம்பித்த வயசு. மழலை. "அப்பா அப்பா" என்று அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவரும் பாவம் என்ன செய்வார்? கையைத் தூக்குவார், ப்ளீஸ் என்பார். நான் ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். நான்தான் இவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன், ப்ளீஸ் என்றால் வாய்க்குப் பூட்டு என்று. இந்தக் கையால் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும், அந்தக் கையால் சாவியைத் திருப்ப வேண்டும். வெளியில் வந்த பிறகுதான் திறக்க வேண்டும். விளையாட்டு மாதிரிச் சொன்னேன். இரண்டே நாளில் பிடித்துக்கொண்டாள். கெட்டிக்காரி அக்கா இவள். இப்போதெல்லாம் கீழே விழுந்தால்கூடச் சத்தம் வராமல் அழுவாள். வாய் அழும், கண்ணில் தண்ணீர் கொட்டும், சத்தம் மட்டும் இருக்காது. பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். எந்தப் பிள்ளைக்கு வரும் அது?

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

இல்லை, நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம். அவர் லைனுக்கு வருவதற்கு முன்னால் சட்னியை அரைத்து வைத்துவிடுவேன். குக்கர் வைப்பதில்லை, சோறு வடித்துவிடுகிறேன். கொலுசைக் கழற்றிவிட்டேன், எனக்கும் இவளுக்கும். தும்மல் வந்தால் தலையணை. டிவி ஓடும், சத்தம் இருக்காது. வாய் அசைவதை வைத்து நானே பேச்சுப் போட்டுக்கொள்வேன். அவர் கஸ்டமர்களிடம் பேசுவது மட்டும்தான் வீட்டில் கேட்கும். "சொல்லுங்க மேடம், என்ன பிரச்சனை? மிக்ஸி ரொம்பச் சத்தம் போடுதா?" எவ்வளவு பொறுமை! அந்தம்மாக்கள் திட்டுவார்கள் போல. இவர் இன்னும் இறங்கிப் பேசுவார். நான் அடுப்படிக் கதவில் சாய்ந்து கேட்டுக்கொண்டே இருப்பேன். நல்ல குரல்.

துணி காயப்போட மாடிக்குப் போவோம். அங்கேதான் நாங்கள் இரண்டு பேரும் பேசுவது. துணி ஈரமாக இருக்கிற வரைக்கும் பேச்சு. வெயில் ஏறிவிட்டால் இறங்கிவிடுவோம். இவள் கதை சொல்வாள் பாருங்கள், எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். இவள் பள்ளிக்கூடத்துக்குப் போக ஆரம்பித்த பிறகு துணியோடு நான் மட்டும் நிற்பேன்.

ஒருநாள் என்ன செய்தேன் தெரியுமா? சிரிக்கக்கூடாது. மாடியில் நின்றுகொண்டு அந்தக் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் ஒரு பொண்ணு வந்தது. "உங்க பேரு தெரிஞ்சிக்கலாமா மேடம்?" சொன்னேன். "சொல்லுங்க காளீஸ்வரி மேடம்" என்றது. பட்டென்று வைத்துவிட்டேன். கீழே அவர்தான் உட்கார்ந்திருக்கிறார், அவர் வருவார் என்று நினைத்தேன். ஆயிரம் பேர் இருக்கிற இடத்தில் அவரே எப்படி வருவார், எனக்குக் கொஞ்சம்கூட அறிவில்லை.

சரி, பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். இங்கிலீஷ் பள்ளிக்கூடம். ஏஞ்சலின் மிஸ் என்று ஒருவர், நல்ல மிஸ். ஆனால் ஒரு பழக்கம், ஒவ்வொரு பேச்சுக்கும் ப்ளீஸ் போடுவார். பிள்ளைகளுக்கும் அப்படிப் பழக்கவேண்டுமாம். "சிட் டவுன் ப்ளீஸ்." "ரீட் ப்ளீஸ்." நான் வாசலில் நின்று கேட்டிருக்கிறேன். கண்டிப்பான இடம், இரைச்சல் இல்லாமல் வளர்ப்பார்கள் என்று எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. இவளுக்குத்தான் அது தண்ணீர் பட்ட பாடு ஆயிற்றே. மிஸ் ப்ளீஸ் என்று சொன்னதும் வாயைப் பூட்டிவிடுவாள். மத்தியானம் மணி அடித்து வெளியே வந்த பிறகுதான் திறப்பாள். குழாயடியில் நின்று வாயாடுகிறாள் என்று ஆயாம்மா சொன்னார். மிஸ்ஸோ, வகுப்பில் இவள் வாயே திறப்பதில்லை என்று எழுதி அனுப்பினார். நான் என்ன நினைத்தேன், பாராட்டித்தான் எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன். இவள் அப்பாதான் வாசித்துவிட்டு, "புகார்டி இது" என்றார்.

கூப்பிட்டு விட்டார்கள். அவர் அரை நாள் லீவு போட்டுக்கொண்டு வந்தார். பிரின்சிபல் மேடம் பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இவளை முன்னால் நிற்க வைத்து, சிரித்துக்கொண்டே, "வாட் இஸ் யுவர் நேம், டியர்? டெல் மீ ப்ளீஸ்" என்றார். இவள் பட்டென்று வாயைப் பொத்தி, சாவியைத் திருப்பிக்கொண்டு, நேராக நின்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எவ்வளவு பெரியவர் முன்னால், எவ்வளவு ஒழுங்கு!

மேடம் மறுபடியும் கேட்டார். ப்ளீஸ். மறுபடியும். ப்ளீஸ் டியர், ப்ளீஸ். இவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் பேசவே இல்லையே, இன்னும் என்ன என்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் மூச்சையும் பிடித்துக்கொண்டாள் அக்கா. முகமெல்லாம் சிவந்துவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. கேள்வியும் கேட்டு, வாயை மூடு என்றும் சொன்னால் பிள்ளை என்னதான் செய்யும்? இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டாமா? "மேடம்..." என்று ஆரம்பித்துவிட்டேன். நானாக வாயைத் திறந்தது அதுதான். இவள் அப்பா கையைத் தூக்கி, "காளி, ப்ளீஸ்" என்றார்.

நானும் மூடிக்கொண்டேன். நானும் இவளும் பக்கத்தில் பக்கத்தில், வாயை மூடிக்கொண்டு. மேடம் என்னைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், ஒரு மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டார். அப்புறம் அவரும் இவள் அப்பாவும் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள்.

அதற்கப்புறம்தான் இந்தப் பேச்சு டாக்டர். அனுராதா மேடம். பஞ்சு மாதிரிப் பேசுவார். படம் படமாக அட்டை வைத்திருக்கிறார். யானைப் படத்தைக் காட்டி, "இது என்னடா தங்கம்? சொல்லுடா, ப்ளீஸ்" என்பார். போச்சா? இவள் பூட்டிவிடுவாள். அப்புறம் மேடம் தலைகீழாக நின்றாலும் நடக்காது. வெளியில் வந்து படி இறங்கும்போது, "அம்மா, அந்த யானைக்கு ஒரு தந்தத்தக் காணோம், யாரு பிடுங்கினா?" என்று கேட்கிறாள். எனக்குத் திரும்பி ஓடிப்போய் மேடத்திடம் சொல்லவேண்டும் என்று இருக்கும். கால் வராது.

"வீட்ல அம்மா நிறையப் பேசணும், வாய் ஓயாமப் பேசணும்" என்று மேடம் சொன்னார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். இவள் அப்பாவிடம் சொன்னேன். "சரி, பேசு. யாரு வேண்டாம்னா? ஷிப்ட் முடிஞ்சதும் பேசு" என்றார். ஷிப்ட் முடிந்ததும் அவருக்குத் தலைவலி வந்துவிடும். நாள் பூராவும் பேசுகிறவர் இல்லையா.

இன்றைக்கு எப்படியாவது சொல்லிவிடவேண்டும் என்று கிளம்பும்போதே நினைத்துக்கொண்டு வருகிறேன். "மேடம், நீங்க கோவிச்சுக்கிடாதீங்க. நீங்க இவளைப் பேசாதேன்னு சொல்லாம இருங்க, அவளே பேசிடுவா." இதைத்தான் சொல்லவேண்டும். இவ்வளவு படித்த டாக்டரிடம் போய் நீங்கள் சொல்வது தப்பு என்று நான் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்லிவிட்டேன் பாருங்கள், மடமடவென்று. அங்கே போனால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். போன தடவையும் பஸ்ஸில் ஒரு அம்மாவிடம் பூராவும் சொன்னேன். அதற்கு முந்தின தடவை பூக்காரம்மா ஒருவர். எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது, சொல்லவேண்டியவரைத் தவிர.

தன்வி, அக்கா உன்கிட்டதான் கேக்குறாங்க. என்ன கேட்டீங்க அக்கா? பேரா? சொல்லு தன்வி, உன் முழுப் பேரு...

ஐயோ. நீங்களும் அப்படியே கேட்டுட்டீங்களா?

பார்த்தீங்களா, பூட்டிக்கொண்டாள். இனிமேல் பஸ்ஸை விட்டு இறங்குகிற வரைக்கும் பேசமாட்டாள். இவ்வளவு நேரம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாளே. "பேர் சொல்லு" என்று மட்டும் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளே அக்கா. எதற்காக வாயை மூடச் சொன்னீர்கள்?

சொல்லவில்லையா? ப்ளீஸ் என்றீர்களே?

என்ன?

தயவுசெய்தா?

இல்லை அக்கா, நீங்கள் வேறு எதையோ... தயவுசெய்து என்றால், ரேஷன் கடையில் எழுதியிருப்பார்களே, தயவுசெய்து வரிசையில் வரவும் என்று, அந்தத் தயவுசெய்தா? நிச்சயமாகத் தெரியுமா? நீங்கள் ஆபீஸ் போகிறவர், உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் அந்தப் படத்தில் பிள்ளை விரலை வைத்துக்கொண்டு நிற்கிறதே?

ஓ. முதல் வார்த்தைக்குத்தான் சத்தம் போடாதே என்று அர்த்தமா? எனக்குக் கூட்ட வரவில்லையே, அந்த வார்த்தையா? ப்ளீஸ் சும்மா கூடச் சேர்த்தது?

அப்போது சீரியலில்... தயவுசெய்து நிறுத்துங்கள். தயவுசெய்து இதைப் பற்றிப் பேசாதே. ஆமாம். ஆமாம், அப்படிப் போட்டாலும் சரியாகத்தான் இருக்கிறது.

அப்போது அந்தப் பிரின்சிபல் மேடம், "தயவுசெய்து பேரைச் சொல்லு" என்றா கேட்டார்? அவ்வளவு பெரிய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இவளிடமா? திரும்பத் திரும்பக் கேட்டாரே. இவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாளே. அனுராதா மேடமும் தயவுசெய்து, தயவுசெய்து என்றுதான் யானையைக் காட்டிக்கொண்டிருந்தாரா? எல்லாரும் பேசு பேசு என்று இவளிடம் கெஞ்சியிருக்கிறார்கள். இவள் ஒழுங்கான பிள்ளையாக இருக்கவேண்டும் என்று வாயை மூடியிருக்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பெருமைப்பட்டிருக்கிறேன்.

தண்ணீர் வேண்டாம் அக்கா. அழவில்லை. ஜன்னலோரத் தூசி.

ஒன்று கேட்கட்டுமா? இவள் அப்பா என்னிடம் சொல்வதும் அந்தத் தயவுசெய்துதானா? அதே வார்த்தைதானே? கையை இப்படித் தூக்கிக்கொண்டு, முகத்தைக்கூடத் திருப்பாமல் யாராவது கெஞ்சுவார்களா? இத்தனை காலமாக அவர் என்னிடம் கேட்டுக்கொண்டா இருந்தார்? எனக்குத் தெரியவே இல்லையே. அவருக்காவது தெரியுமா?

கேட்பதுதான் என்றால், அப்படியென்றால் மாட்டேன் என்றும் சொல்லலாம் இல்லையா? ஒருத்தர் தயவுசெய்து கொடு என்று கேட்டால் இருந்தால் கொடுப்போம், இல்லாவிட்டால் இல்லை என்போம். அப்படித்தானே? நீங்கள் வீட்டில் சொல்வீர்களா, மாட்டேன் என்று?

இருங்க, போன் அடிக்குது. அவர்தான். இந்த நேரத்துக்குப் பண்ணவே மாட்டார்.

சொல்லுங்க... ஆமா, பஸ்லதான்... சாப்பிட்டா, ஒரு இட்லி... ம்... சாயங்காலமா? நீங்களே டாக்டர்ட்டப் பேசிக்கிடுதீங்களா... ம்... நான் தலைய மட்டும் ஆட்டிட்டு வந்திரணுமா...

ப்ளீஸ் என்கிறார் அக்கா. நான் அங்கே போய் எதையும் உளறிவைக்கக் கூடாதாம். ப்ளீஸாம்.

இல்லைங்க... இல்லைங்க, கேக்குது. நல்லாக் கேக்குது. மாட்டேங்க... மாட்டேன்னுதான் சொல்லுதேன். நீங்க தயவுசெய்துன்னு கேக்கீங்க, நான் மாட்டேங்குதேன். புள்ளைக்குப் பேச்சு வருதுங்க. என்னைய விட நல்லா வருது. உங்க வார்த்தைக்கு நான்தான் அர்த்தத்த மாத்திச் சொல்லிக்குடுத்திட்டேன், அவ அதையே பிடிச்சுக்கிட்டா. நான் டாக்டர்ட்டச் சொல்லப்போறேன்... கோவமெல்லாம் இல்லைங்க. சொல்லப்போறேன், அவ்வளவுதான்... ஹலோ? ஹலோ?

லைன் கட் ஆகவில்லை. இருக்கிறார். மூச்சு விடுவது கேட்கிறது.

ம், சொல்லுங்க...

அக்கா, "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க" என்கிறார். இருங்க என்கிறார், என்னை. கஸ்டமர் யாரோ வந்துவிட்டார்கள் போல, போனை மேஜையில் வைத்துவிட்டார். அங்கே பேசுவது கேட்கிறது. ஒரு மேடம் வீட்டுப் பிரிட்ஜில் தண்ணீர் ஒழுகுகிறதாம், எப்போதிருந்து ஒழுகுகிறது என்று கேட்கிறார். எவ்வளவு அக்கறையாகக் கேட்கிறார்.

எங்கள் ஸ்டாப் வந்துவிட்டது. எழுந்திரு தன்வி, பையை எடு. நீங்கள் அடுத்த ஸ்டாப்தானே? நான் உங்கள் பேரைக்கூடக் கேட்கவில்லை. போகட்டும். கண்டக்டர் அண்ணே, ஒரு இறக்கம், பிள்ளை இருக்கு!

கட் பண்ணவில்லை அக்கா. இருங்க என்றாரே, இருக்கட்டும். ரோட்டைத் தாண்டினால் ஆஸ்பத்திரி வந்துவிடும். அந்த மேடத்துக்குப் பிரிட்ஜைச் சரி பண்ணிவிட்டு அவர் திரும்ப எடுக்கும்போது, நான் டாக்டரிடம் பேசிக்கொண்டிருப்பேன். அவரும் லைனில் இருந்து கேட்கட்டும்.